இரவு 9.40க்கு வரும் ஷிஃப்ட் மெசேஜ்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

அண்ணா, அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் ரொறன்ரோ வந்து நாலு மாதம். ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறேன், காலை 7 மணி முதல் 3.30 வரை. போன வியாழன் இரவு 9.40க்கு சுப்பர்வைசரிடமிருந்து ஒரு மெசேஜ்: நாளைக்குக் காலை வர வேண்டாம், பின்னேரம் 3 மணிக்கு வா. மகளை 6 மணிக்குள் டேகேரிலிருந்து எடுக்க வேண்டும், மனைவிக்கு அந்த நேரம் வகுப்பு. அதற்கு இரண்டு நாள் முன்பு வேலைக்குப் போய் 50 நிமிடத்தில், லொறி வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த 50 நிமிடத்துக்கு மட்டும்தான் சம்பளம் போட்டிருக்கிறார்கள். 96 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லாவிட்டால் வர மறுக்கலாம் என்று கூட வேலை செய்கிறவர் சொல்கிறார். உண்மையா?

பதில்:

தம்பி, முதலில் அந்த 96 மணித்தியாலக் கதையை முடித்துவிடுவோம். அதை நம்பி "வர மாட்டேன்" என்று எழுதிவிட்டுப் பிறகு திண்டாடினவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

அது முழுப் பொய்யும் இல்லை. 2017இல் ஒன்ராறியோ அரசு தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, நாலு நாளுக்குக் குறைவான அவகாசத்தில் கூப்பிட்டால் மறுக்கலாம், 48 மணித்தியாலத்துக்குள் ஷிஃப்டை ரத்துச் செய்தால் மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். 2019 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வர இருந்தது. இடையில் ஆட்சி மாறியது. 2018 முடிய முன்பே புதிய அரசு அந்தப் பகுதிகளைத் தூக்கிவிட்டது. பழைய கட்டுரைகள் இன்னமும் இணையத்தில் கிடக்கின்றன, அதை யாரோ வாசித்து உங்கள் நண்பருக்குச் சொல்லியிருப்பார்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 96 மணித்தியாலம் கனடாவின் சமஷ்டிச் சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. வங்கி, விமான நிறுவனம், ரயில், தொலைபேசிக் கம்பனி, மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் லொறிக் கம்பனி, இவற்றில் வேலை செய்கிறவர்கள் சமஷ்டிச் சட்டத்துக்குள் வருவார்கள். 2019 செப்ரெம்பரிலிருந்து அவர்களுக்கு வேலை அட்டவணையை 96 மணித்தியாலம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும், ஷிஃப்டை மாற்றினால் 24 மணித்தியாலம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கும் விலக்கு உண்டு: எதிர்பாராத அவசரம், யூனியன் ஒப்பந்தம், குறிப்பிட்ட சில வேலைகள். ஆகவே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற ஒருவர் இந்த 96 மணித்தியாலத்தைச் சொன்னால் அது அவருக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. வெயர்ஹவுஸ், பக்டரி, கடை, சாப்பாட்டுக்கடை, துப்புரவு வேலை எல்லாம் பெரும்பாலும் ஒன்ராறியோச் சட்டம்தான்.

ஒன்ராறியோச் சட்டத்தில், இன்று இரவு சொல்லி நாளைக்கு நேரத்தை மாற்றுவதை நேரடியாகத் தடுக்கிற விதி இல்லை. கசப்பாக இருக்கும், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. அல்பேர்ட்டாவில் 24 மணித்தியால அறிவித்தல் உண்டு. கியூபெக்கில் ஐந்து நாள் முன்பே சொல்லாவிட்டால் மறுக்கலாம். நாங்கள் வந்து இறங்கியது இங்கே.

சரி, அப்படியானால் கையில் என்ன இருக்கிறது? உங்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டும் நீங்கள் கேட்ட இடத்தில் இல்லை.

முதலாவது அந்த 50 நிமிடம். வழக்கமாக ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிறவரை வேலைக்கு வரச்சொல்லி, அவர் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருந்தும் மூன்று மணித்தியாலத்துக்கு முன் திருப்பி அனுப்பினால், குறைந்தது மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும். 2025 ஒக்டோபர் 1 முதல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அந்தக் கணக்கில் 50 நிமிடத்துக்கு 14.67, மூன்று மணித்தியாலத்துக்கு 52.80. உங்களுக்கு வர வேண்டிய மிச்சம் 38 டொலர் 13 சதம். நெருப்பு, மின்வெட்டு, புயல் மாதிரி முதலாளியின் கையை மீறிய காரணம் என்றால் இந்த விதி பொருந்தாது. லொறி பிந்தியதை அந்த வகையில் சேர்ப்பது கஷ்டம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருந்தும்' என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2020 ஜனவரியில் நான் ஒரு பக்டரியில் இருந்தேன். விடிய 5 மணிக்கு 102 பஸ் பிடித்து, சப்பாத்துக்குள் பனி உருகி, காலுறை நனைந்தபடி போய் நின்றால், மெஷின் பழுது. சுப்பர்வைசர் மிகவும் அன்பாகக் கேட்டார்: "ஆருக்கு வீட்ட போக விருப்பம்?" தமிழ்க்காரர்தான். மூன்று பேர் கை தூக்கினோம். கை தூக்காத இரண்டு பேரையும் பதினைந்து நிமிடம் கழித்து அவர்களே அனுப்பினார்கள், மூன்று மணித்தியாலச் சம்பளத்தோடு. நாங்கள் விரும்பிப் போனவர்கள் ஆகிவிட்டோம். அதற்குப் பிறகு யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், நான் நிற்கிறேன், என்ன வேலை இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

வீட்டிலிருந்து புறப்பட முன்பே "வராதே" என்று மெசேஜ் வந்துவிட்டால் இந்த மூன்று மணித்தியாலம் கிடையாது. அதனால்தான் சில இடங்களில் விடிய 4.45க்கு மெசேஜ் அனுப்புகிறார்கள்.

இரண்டாவது உங்கள் மகள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் குடும்ப நிலை என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்றால், தனக்குத் தாங்க முடியாத கஷ்டம் வராத அளவுக்கு முதலாளி இடம்கொடுக்க வேண்டும். 2014இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு: பியர்சன் விமான நிலையத்தில் வேலை செய்த எல்லைச் சேவை அதிகாரி ஒருவருக்கு மாறி மாறி வரும் ஷிஃப்ட், கணவருக்கும் அதே வேலை. பிள்ளைகளுக்காக நிலையான ஷிஃப்ட் கேட்டார். முழுநேரமாகத் தர மறுத்தார்கள். தீர்ப்பு அவர் பக்கம். ஆனால் வேறு வழி தேடிப் பார்த்தீர்களா என்றும் கேட்பார்கள். மனைவியின் வகுப்பு நேரம், டேகேர் மூடும் நேரம், அன்றைக்கு வேறு ஆளைக் கேட்டீர்களா, இவற்றைக் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு சொல்கிறேன். நேரம் மாறும்போது இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் எட்டு மணித்தியாலம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி இரவு 11.30க்கு முடித்துச் சனி காலை 7க்கு வா என்றால் இடைவெளி ஏழரைதான். இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து 13 மணித்தியாலத்தைத் தாண்டாவிட்டாலோ, நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தாலோ இந்த எட்டு மணித்தியால விதி பொருந்தாது. முதல் நாள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட கடதாசிக் கட்டுக்குள் அந்த ஒப்புதல் இருக்கலாம், தேடிப் பாருங்கள். கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய ஒத்துக்கொண்ட கடதாசியும் அதற்குள் இருந்தால், அதை இரண்டு கிழமை முன்பே எழுதிக்கொடுத்து நீங்கள் வாபஸ் வாங்கலாம்.

இங்கே வாசிக்கிற மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு நடக்கிற காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான், 2024 நவம்பரிலிருந்து இதுதான் கணக்கு. "இந்தக் கிழமை மட்டும் 32 செய்" என்று மனேஜர் கடைசி நிமிடத்தில் கேட்டால் மறுத்துவிடுங்கள். மாட்டினால் போவது உங்கள் விசா, அவருடைய கடை இல்லை.

தம்பியின் அடுத்த கேள்வி:

நன்றி அக்கா. வெள்ளிக்கிழமை எப்படியோ பக்கத்து வீட்டு அன்ரியை வைத்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் காசைக் கேட்டால் சுப்பர்வைசர் ஷிஃப்டைக் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் வேறு வேலைக்கு மாறலாமா?

பதில்:

மாறலாம், ஆனால் புது வேலை கைக்கு வந்த பிறகு. தகுந்த காரணம் இல்லாமல் நீங்களாக விட்டால் ஈ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கான அரசாங்கக் காப்புறுதிக் காசு) கிடைக்காது. கோபத்தில் விட்டுவிட்டு வந்து காரணம் தேடினால் சிரமம்.

சுப்பர்வைசரிடம் வாயால் கேட்க வேண்டாம். சம்பளப் பகுதிக்கு ஒரு மின்னஞ்சல், நாலு வரி போதும். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருந்தேன், மூன்று மணித்தியால விதிப்படி மிச்சத்தைச் சரிபார்க்க முடியுமா. சண்டைத் தொனி வேண்டாம். நிறைய இடங்களில் சம்பளப் பகுதிக்கு இந்த விதி தெரியும், சுப்பர்வைசர்தான் 50 நிமிடம் என்று எழுதிக் கொடுத்திருப்பார். டேகேர் விஷயத்தை மனேஜருக்குத் தனியாக எழுதுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

அவர்கள் தராவிட்டால் தொழில் அமைச்சுக்கு இணையத்திலேயே முறைப்பாடு போடலாம். காசு இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யூனியன் இருந்தால் பெரும்பாலும் அமைச்சுக்கு இல்லை, யூனியன் வழியாகத்தான் போக வேண்டும். உரிமையைக் கேட்டதற்காக ஷிஃப்டைக் குறைப்பது சட்டப்படி பழிவாங்கல், அதுவே தனிக் குற்றம். உண்மையைச் சொன்னால், அதை நிரூபிக்கக் கடதாசி வேண்டும். இன்றைக்கே கடந்த எட்டுக் கிழமை அட்டவணையையும் படம் எடுத்து வையுங்கள். வெயர்ஹவுஸ் சுவரில் ஒட்டியிருப்பதைப் பேனையால் வெட்டி எழுதியிருந்தால் அதையும் அப்படியே எடுங்கள். மெசேஜ்களை அழிக்க வேண்டாம், ஃபோன் மாற்றினால் முதலில் பிரதி எடுங்கள். பெரிய கம்பனி என்றால் நீங்கள் சேரும்போது தந்த கடிதத்தையும் தேடுங்கள்: 2025 ஜூலை முதல் 25 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்கள், புதிதாகச் சேர்கிறவருக்கு ஆரம்ப வேலை நேரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதில் 7 முதல் 3.30 என்று இருந்து, இனி நிரந்தரமாக இரவு ஷிஃப்ட் என்றால் அது வேறு வழக்கு. அப்போது கையெழுத்துப் போடாமல் ஒரு இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். ரொறன்ரோவில் சவுத் ஏசியன் லீகல் கிளினிக், வேர்க்கர்ஸ் அக்ஷன் சென்ரர் இரண்டிலும் இந்த மாதிரிப் பிரச்சினைகளைப் பார்ப்பார்கள்.

மின்னஞ்சலை இன்று எழுதினால் அனுப்ப முன் இங்கே போடுங்கள், பேர், கம்பனிப் பேர் எல்லாம் எடுத்துவிட்டு. நான் பார்த்துச் சொல்கிறேன். வேலை முடிந்து 7 மணிக்குப் பிறகுதான் வருவேன், எனக்கும் இந்தக் கிழமை ஷிஃப்ட் மாறியிருக்கிறது.