ஊமைப்படக் கொட்டகை சாதியை உடைத்ததா, காசை வைத்து மறுபடி கட்டியதா?

தரைடிக்கெட்:
தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைக் கையிலிருந்த காசுதான் முடிவு செய்தது என்று இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் எம்.ஜி.ஆர். காலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். என் கட்சி, இது ஊமைப்படத்திலேயே தொடங்கிவிட்டது என்பது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் போக 1939 வரை ஆனது. கூடாரத்துக்குள் போகச் சில்லறை போதும்.

ரீல்பெட்டி:
அந்தச் சில்லறை யாரிடம் இருந்தது? கூலியை நெல்லாக வாங்கிய பண்ணையாளிடமா? அப்புறம், 1913-இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் சென்னை மவுண்ட் ரோட்டில் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர் யாருக்காக? இன்று அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கிறதே, அதே கட்டடம். அது முதலில் குறிவைத்தது ஊரிலிருந்த வெள்ளைக்காரர்களை. அடுத்த வருடம் ரகுபதி வெங்கையா கெயிட்டியைத் திறந்தார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கொட்டகைக்குள் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வேலி போட்டுவிட்டு, பெண்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு, "எல்லாரும் ஒன்றாக" என்றால் எப்படி சார்? ஒரே ரயிலில் முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் போவதால் இரண்டு பேரும் சமம் ஆகிவிடுவார்களா?

மின்ட்தெருவாசி:
மவுண்ட் ரோட்டை மட்டும் வைத்து சென்னையை அளக்காதீர்கள். வெங்கையா கெயிட்டியோடு நிற்கவில்லை. மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று சனம் குடியிருந்த பக்கமே போனார். வெள்ளைக்காரனை மட்டும் நம்பியவர் மின்ட் தெருவில் ஏன் முதல் போடுகிறார்?

இன்னொன்று. படம்தான் ஊமை, கொட்டகை ஊமையாக இருந்ததே இல்லை. ஹார்மோனியமும் தபேலாவும் ஒரு பக்கம். திரையின் ஓரத்தில் கதை சொல்ல ஒருவர் நிற்பார். படத்துக்கு நடுவே வசனம் எழுதிய அட்டை வந்ததும் உரக்கப் படித்து, அதோடு தன் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். ஒற்றை புரொஜெக்டர், அதனால் ரீல் முடிந்ததும் விளக்கு எரியும். அடுத்ததை மாட்டும் வரை சோடாக்காரர், முறுக்குக்காரர் ராஜ்யம். மறுபடி இருட்டியதும் அமெரிக்கச் சண்டைப்பட நாயகன் எட்டி போலோ திரையில் சண்டை போடுவார், தரையில் விசில் பறக்கும். அந்தக் கதை சொல்பவரை யாருக்காகக் கூலி கொடுத்து நிறுத்தினார்கள்? நாற்காலியில் உட்கார்ந்த வக்கீலுக்கா?

ரீல்பெட்டி:
வியாபாரம் அது. தரையில் தலை அதிகம், அதனால் ஆள் வைத்தார்கள். கடைக்காரர் எல்லாருக்கும் உப்பு விற்கிறார் என்பதற்காக அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி என்று சொல்ல மாட்டோம்.

தரைடிக்கெட்:
வின்சென்டைச் சீர்திருத்தவாதி என்று நான் சொல்லவே இல்லை. நடந்தது என்ன என்பதுதான் கேள்வி. கூத்திலும் நாடகத்திலும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு முன்வரிசை. கொட்டகையில் அது தலைகீழ்: திரைக்கு முன்னால் தரை, காசு கூடக்கூடப் பின்னால். மிராசுதார் படம் பார்க்க வேண்டுமென்றால் கூலிக்காரரின் தலைக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வேறு எந்த இடத்தில் அப்படி இருந்தது, சொல்லுங்கள்.

சர்க்காருக்கும் இது உறைத்தது. 1918-இல் சினிமாட்டோகிராஃப் சட்டம், 1920-இல் சென்னையில் தணிக்கை வாரியம், 1927-இல் ரங்காச்சாரியார் தலைமையில் சினிமா பற்றிய விசாரணைக் குழு. அன்று ஓடியதில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். அவற்றைப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் மீதுள்ள மரியாதை போய்விடும் என்ற புலம்பலும் அந்தக் குழு வந்ததற்கு ஒரு காரணம். துரைசானி முத்தம் கொடுப்பதை நாற்காலிக்காரர் பார்த்ததற்கா பயந்தார்கள்? தரை பார்த்ததற்குத்தான்.

ரீல்பெட்டி:
முன்னால் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது கழுத்து வலி. அதைச் சமத்துவம் என்று விற்காதீர்கள். பயத்தோடு வியாபாரக் கணக்கும் இருந்தது: அமெரிக்கப் படங்களைத் தள்ளிவிட்டு பிரிட்டிஷ் படங்களுக்கு இடம் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் படங்களுக்கு அப்படிச் சலுகை கொடுப்பதை ரங்காச்சாரியார் குழுவே ஏற்கவில்லை.

கோவைக்காரி:
பெண்களை இரண்டு பேரும் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். தனி இடம் என்பது ஒதுக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மறைப்பு இல்லையென்றால் பல வீடுகளில் வெளியே விட்டிருக்கவே மாட்டார்கள். புராணப்படம் வந்த பிறகு சாமி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இருட்டில் உட்கார்ந்து, யாருக்கும் காபி போடாமல், தனக்காக மட்டும் சில மணி நேரம். எங்கள் ஊர் வெரைட்டி ஹால் ரோடு பெயரே 1914-இல் வின்சென்ட் கட்டிய கொட்டகையால் வந்தது. அந்தத் தெருவுக்கு வந்த பெண்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

திரைக்கு உள்ளேயும் பாருங்கள். ஊமைப்படத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் நாயகிகளாக நடித்தார்கள். தமிழ் பேச வேண்டியதில்லையே! 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வந்து படம் பேச ஆரம்பித்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. கதை சொல்பவருக்கும் வேலை போயிற்று.

ரீல்பெட்டி:
இதைத்தானே சொல்கிறேன் அம்மா. சாமி பெயரைச் சொல்லி அனுமதி வாங்கி, தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது உடைப்பு ஆகாது. பழைய ஒழுங்குக்குள் ஒரு சன்னல்.

கோவைக்காரி:
சன்னலே இல்லாத வீட்டில் இருந்தவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

மின்ட்தெருவாசி:
ரங்காச்சாரியார் குழு முன் சென்னையில் சொன்ன சாட்சியங்களும் அச்சில் இருக்கின்றன. கேள்வியும் பதிலுமாக இருப்பதால் படிக்க அலுக்காது. ரீல்பெட்டி சார், அதில் தரை டிக்கெட் ஆட்களைப் பற்றிப் பெரிய மனிதர்கள் பேசும் தொனியைப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சச் சண்டையைப் போடலாம்.

ரீல்பெட்டி:
படிக்கிறேன். ஆனால் சாட்சி சொல்லப் போனவர்களில் தரையில் உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டு வருவேன்.