உறைந்த எலியை எப்படி இளக வைத்துச் சூடேற்றுவது? பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு இரண்டு முறை கக்கிவிட்டது

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பெற்றோருடன் வசிக்கிறேன். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் எடுத்து, எட்டு மாதங்களாக ஒரு பால் பைத்தான் வளர்த்து வருகிறேன். இப்போது அதன் எடை 190 கிராம்.

முதலில் உயிருள்ள சுண்டெலியைத்தான் கொடுத்தேன். ஒரு நாள் அந்த எலி பாம்பின் கண்ணுக்குக் கீழே கடித்துக் காயப்படுத்திவிட்டதால், உறைந்த எலிக்கு மாற்றினேன். தொல்லை அதன் பிறகே தொடங்கியது. இணையத்தில் படித்தபடி, காலையில் வேலைக்குப் புறப்படும்போது எலியைத் தட்டில் வைத்து, மாலையில் வந்து எடுத்துக் கொடுத்தேன். பாம்பு விழுங்கியது, இரண்டாம் நாள் நாற்றத்தோடு கக்கிவிட்டது. அடுத்த முறை நேரமாகிவிட்டதால், கெண்டியில் கொதித்த தண்ணீரில் நேரே போட்டேன். தோல் கையோடு உரிந்து வந்தது, வயிறு வெடித்தது, உள்ளே தொட்டுப் பார்த்தால் இன்னும் ஐஸ். அதையும் கொடுத்தேன், அதையும் கக்கியது. பாம்பு இளைத்துப்போவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை.

வீட்டில் இன்னொரு சிக்கல்: மீனும் கோழியும் இருக்கும் குளிர்பெட்டியில் எலியை வைக்கக்கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலை செய்யும் நண்பரோ, செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டில் வேண்டிய அளவு எலி கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: தெலுக் இந்தானிலிருந்து

தம்பி, பதினோரு ஆண்டுகளாகப் பாம்பு வளர்க்கிறேன். தொடக்கத்தில் நானும் இதே தவற்றைச் செய்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் படித்த குறிப்பை எழுதியவர் குளிர்நாட்டுக்காரராக இருப்பார். அவர் ‘அறை வெப்பநிலை’ என்று சொல்வது 20 பாகை செல்சியஸ். நம் வீட்டு அடுப்படியில் மதியம் 32, 33 பாகை இருக்கும். ஒரு சுண்டெலி அந்த வெக்கையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இளகிவிடும். மிச்சமிருக்கும் ஏழெட்டு மணி நேரம் முழுவதும் அது அழுகிக்கொண்டுதான் இருக்கும். எலியின் குடலில் இருக்கும் கிருமிகளே முதலில் பெருகும் என்பதால், மேலே ரோமம் நன்றாகத் தெரிந்தாலும் வயிறு பச்சை பாய்ந்து, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். அப்படிப்பட்ட எலியைப் பாம்பு கக்குவதில் வியப்பில்லை.

ஆகவே, இளக வைப்பதையும் சூடேற்றுவதையும் இரண்டு தனி வேலைகளாகப் பாருங்கள். முதல் வேலை குளிரிலேயே நடக்க வேண்டும். உணவு கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு, எலியை ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி, உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் மாலைக்குள் முழுவதும் இளகியிருக்கும். மறந்துவிட்டால், அதே பையைக் குழாய்த் தண்ணீரில் மூழ்க வைத்து அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். பையின் மேலாகவே வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். கொட்டை போல எதுவும் தட்டுப்படக்கூடாது.

சூடேற்றும் வேலை கடைசிக் கால் மணி நேரத்துக்கு உரியது. கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 பாகையில், தண்ணீரை எடுத்துப் பையோடு வையுங்கள். எலியின் மேல்தோல் 38, 39 பாகைக்கு வந்தால் சரி. உயிருள்ள எலியின் உடல் வெப்பமும் ஏறத்தாழ அதுவே. கொதிநீர் மேல்தோலை வேகவைக்கும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு இன்னும் மோசம். ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் இருக்கும், சில வேளைகளில் உள்ளேயே வெடித்துவிடும். இளகிய எலியைப் பாம்பு தொடாவிட்டால் மீண்டும் உறைய வைக்காமல் எறிந்துவிடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

இப்போதைக்கு இரண்டு வாரம் அதற்கு உணவே கொடுக்க வேண்டாம். கக்கும்போது செரிமான அமிலமும் வெளியேறிவிடுவதால் வயிறு தேற நாளாகும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதி எடையுள்ள எலியில் தொடங்கி, சிறிது சிறிதாகப் பழைய அளவுக்கு வாருங்கள். 190 கிராம் பாம்புக்கு 20 முதல் 25 கிராம் வரையுள்ள சுண்டெலி போதுமானது. விழுங்கிய பின் இரண்டு நாள் தூக்க வேண்டாம். மீண்டும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

மறுமொழி 2: கோலசிலாங்கூரிலிருந்து

தோட்டக் கிளினிக்கில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். உங்கள் அம்மா சொல்வது முற்றிலும் நியாயம். உறைய வைப்பதால், குடல் நோய் தரும் சல்மோனெல்லா கிருமி சாவதில்லை, தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பாம்புக்கான உறைந்த எலிகளால் 2014-இல் அமெரிக்காவிலும், 2015 முதல் பிரிட்டனிலும் மனிதர்களுக்கே இந்த நோய் பரவியது. வீட்டில் சிறு குழந்தையோ வயதானவரோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. பழைய சிறிய குளிர்பெட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி, இடுக்கி, தட்டு எல்லாம் எலிக்கென்றே தனியாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் அவற்றைக் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

நண்பர் சொன்ன தோட்டத்து எலி மட்டும் வேண்டவே வேண்டாம். செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் வார்ஃபரின், புரோடிஃபாகும் போன்ற விஷங்கள் இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். ஆகவே எளிதில் அகப்படும் எலிதான் விஷம் தின்ற எலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கும் தோட்டங்களில்கூட, இப்படிப்பட்ட எலியைத் தின்று கூகைகள் பாதிக்கப்படுவது உண்டு. பாம்புக்கும் அந்த ஆபத்து வரலாம். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலை எங்கள் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன். கையில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி உள்ளே போய்விடும்.

மறுமொழி 3: ஈப்போவிலிருந்து

மேலே இருவரும் சொன்னவற்றோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பால் பைத்தானின் உதட்டோரத்தில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை. கொடுப்பதற்கு முன் எலியைத் துணியால் துடைத்து, அதன் தலையை மட்டும் முடி உலர்த்தியால் அரை நிமிடம் சூடாக்குங்கள். நீண்ட இடுக்கியால் இடுப்பில் பிடித்து, பொழுது சாய்ந்த பின், விளக்கைக் குறைத்துவிட்டுக் காட்டுங்கள். தலைப் பக்கமாகப் பிடித்து விழுங்கும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. பழைய பொருள் கடையில் 120 ரிங்கிட்டுக்கு ஒரு சிறிய குளிர்பெட்டி வாங்கிப் பின்கட்டில் வைத்தேன். பதினைந்து நாள் பட்டினி போட்டபோது எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை 11 கிராம் எலி ஒன்றை இரவெல்லாம் குளிரில் இளக வைத்து, மறுநாள் இரவு எட்டு மணிக்குச் சூடேற்றி, தலையைக் காயவைத்துக் காட்டினேன். நாக்கை இரண்டு முறை நீட்டியது. கழுத்தை எஸ் போல வளைத்தது. பிறகு நான் கண்சிமிட்டுவதற்குள் பிடித்துச் சுற்றிக்கொண்டது. இன்றோடு ஆறு நாள் ஆகிறது. கக்கவில்லை; இன்று காலை எச்சமும் போட்டிருக்கிறது. நாளை இரவு 14 கிராம் எலி கொடுக்கப்போகிறேன்.