வழங்கப்படாத டிக்கெட்டுடன் உள்ளே வந்தவர்கள்: போலி கெர்பரோஸ் டிக்கெட்டை நேரில் கண்ட அனுபவங்கள்

இரவுப்பணி

டொமைன் எனப்படும் விண்டோஸ் வலையமைப்பில் உள்நுழைவுக்கான கெர்பரோஸ் முறை, டொமைன் கன்ட்ரோலர் என்ற மையச் சர்வர் தரும் டிக்கெட்டுகளை நம்புகிறது. அந்த டிக்கெட்டுகளைப் பூட்டும் தலைமைச் சாவியைத் திருடியவர் தானே எழுதிக்கொள்வது கோல்டன் டிக்கெட். இனி நேராக நடந்ததைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு, வெளிநாட்டு உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பயனர் கணக்குகளின் மையப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியைச் சென்னையிலிருந்து கண்காணிக்கும் குழுவில் நான் இரவுப் பணியில் இருந்தேன். அவர்களுடைய ஃபைல் சர்வரின் பாதுகாப்புப் பதிவில் கெர்பரோஸ் வழியாக ஒருவர் உள்நுழைந்ததற்கான 4624 நிகழ்வும், அதை ஒட்டியே அவருக்கு நிர்வாக உரிமைகள் கிடைத்ததைக் காட்டும் 4672 நிகழ்வும் இருந்தன. அந்த நேரத்தில் பராமரிப்பு வேலை எதுவும் திட்டமிடப்படவில்லை என்பதால் பயனர் பெயரை டைரக்டரியில் தேடினேன். அப்படி ஒரு கணக்கே இல்லை. நீக்கப்பட்ட கணக்குகளிலும் இல்லை. ஆனால் அந்தப் பெயருடன் பதிவாகியிருந்த எஸ்ஐடி என்ற அடையாள எண்ணின் இறுதிப் பகுதி 500.

டொமைனில் ஒருபோதும் இருந்திராத ஒரு பெயர், உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டரின் அடையாள எண்ணைச் சுமந்துகொண்டு, சர்வரின் முழு சம்மதத்துடன் கோப்புகளைத் திறந்துகொண்டிருந்தது. தேடல் முடிவு வெறுமையாக வந்த அந்த நொடிதான் இன்றும் என்னை உறுத்துகிறது. பிற டிக்கெட்டுகளைக் கேட்டுப் பெறுவதற்கான முதல் டிக்கெட்டான டிஜிடி 20 நிமிடத்துக்கும் குறைவான வயதுடையதாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் கணக்கு உண்மையிலேயே இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று டொமைன் கன்ட்ரோலர் அந்நாளில் சரிபார்ப்பதில்லை. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தயாரித்துக்கொண்டார்கள். டிஜிடிகளைப் பூட்டும் கேஆர்பிடிஜிடி கணக்கின் ஹாஷ், அதாவது அதன் கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் சாவி, கையில் இருப்பவருக்கு அது ஒரே ஒரு கட்டளையில் முடிகிற வேலை.

வாடிக்கையாளர் தரப்பில் உடனடியாக அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடவுச்சொல்லுக்கும் அந்த டிக்கெட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நாங்கள் எழுத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோதே அதே பெயர் வேறொரு சர்வரில் பதிவானது. டிஜிடி வழங்கியதைக் காட்டும் 4768 நிகழ்வு இல்லாமல், சேவை டிக்கெட் வழங்கியதைக் காட்டும் 4769 மட்டும் வருவதை வேறு யாரேனும் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறீர்களா?

சர்வர்_அறை

நாங்கள் கண்டதில் 4769 கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம். பொங்கல் விடுமுறையில் கணக்குத் துறையின் டேட்டாபேஸ் சர்வரில் கெர்பரோஸ் உள்நுழைவு பதிவாகியிருந்தது. எந்த டொமைன் கன்ட்ரோலர் அந்த டிக்கெட்டை வழங்கியது என்று பார்ப்பதற்காக நானும் என் சக பணியாளரும் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களின் பதிவுகளையும் நிமிடவாரியாக அருகருகே வைத்துப் பார்த்தோம். எதிலும் ஒரு வரி கூட இல்லை. ஒரு சேவையின் சாவியைக் கொண்டு அந்தச் சேவைக்கு மட்டும் போலியாக எழுதப்படும் சில்வர் டிக்கெட்டின் தன்மையே அதுதான் என்று படித்திருந்தாலும், சர்வர் ஏற்றுக்கொண்ட ஒரு டிக்கெட்டுக்கு அதை வழங்கியவர் எவருமே இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. டேட்டாபேஸ் சேவைக்கான கணக்கின் கடவுச்சொல்லை, மென்பொருளை நிறுவித் தந்தவர்கள் வைத்த நாளிலிருந்து எவரும் மாற்றவில்லை. சில வாரங்களுக்கு முந்தைய பதிவுகளில், ஒரு சாதாரண ஊழியரின் கணக்கிலிருந்து குறுகிய நேரத்தில் பல சேவைகளுக்கு 0x17, அதாவது எளிதில் உடைக்கக்கூடிய பழைய ஆர்சி4 குறியாக்கத்தில், டிக்கெட் கேட்கப்பட்டிருந்தது பின்னர் தெரிந்தது. அவற்றில் ஒன்றை வெளியே எடுத்துச் சென்று கடவுச்சொல்லை உடைத்திருக்கிறார்கள். அதன்பின் அந்த ஒரு சேவைக்கு அவர்களே டிக்கெட் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு ஆறாமல் இருப்பது தணிக்கை அறிக்கை. டொமைன் கன்ட்ரோலர்களின் பதிவுகளில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை என்பதால் ஊடுருவல் நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை என்று அதில் எழுதினார்கள். பதிவு இல்லாததுதான் சான்று என்று நாங்கள் சொன்னது இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை.

பழைய_நிர்வாகி

நண்பர் இரவுப்பணியின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் 4768 இல்லாத 4769 என்பதை ஒரு விதியாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. நான் இருந்த இடத்தில் அதே விதியை நம்பி எச்சரிக்கை எழுப்பி, ஒரு கிளை அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் வலையமைப்பிலிருந்து துண்டித்தார்கள். காரணம் மிக எளியது. அந்தக் கிளையின் ஊழியர்கள் டிஜிடி பெற்ற டொமைன் கன்ட்ரோலரின் பதிவுகள் மையச் சேமிப்புக்கு வந்து சேரவே இல்லை. சேவை டிக்கெட் வழங்கிய டொமைன் கன்ட்ரோலரின் பதிவுகள் மட்டும் வந்தன. டிஜிடி புதுப்பிக்கப்படும்போது எழுதப்படும் 4770ஐயும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அன்று சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நாள். அந்த மேலாளரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எதிர்த்திசையிலும் இந்த விதி பொய்த்துப்போகும். டயமண்ட் டிக்கெட் எனப்படும் முறையில் டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து உண்மையான டிஜிடி ஒன்றைக் கேட்டுப் பெற்று, கேஆர்பிடிஜிடியின் சாவியால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் குழு உறுப்புரிமைகளை மாற்றி, மீண்டும் மூடிவிடுகிறார்கள். 4768 முறையாகவே பதிவாகியிருக்கும். போலி டிக்கெட் எழுதப் பயன்படும் மிமிகேட்ஸ் கருவி இயல்பாக இடும் 10 ஆண்டு ஆயுளைத் தேடுங்கள் என்ற அறிவுரையும் அப்படிப்பட்டதே. டொமைனின் கொள்கைப்படி 10 மணி நேர ஆயுளும் 7 நாள் புதுப்பிப்பும் வைத்து எழுதுவதற்கு எவருக்கும் தடை இல்லை.

ஆகவே கண்டுபிடிப்பதைவிடச் சாவியை மாற்றுவதில் கவனம் செலுத்துங்கள் என்பேன். முதலில் கேஆர்பிடிஜிடி கணக்கின் கடவுச்சொல் கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அது டொமைன் உருவாக்கப்பட்ட தேதியாகவோ, டொமைனின் செயல்நிலையை விண்டோஸ் சர்வர் 2003இலிருந்து 2008க்கு உயர்த்திய தேதியாகவோ இருக்கும். அந்த உயர்வின்போது ஏஇஎஸ் குறியாக்கச் சாவிகளை உருவாக்குவதற்காக அது தானாக மாறும். அதற்குப் பிறகு எத்தனை நிர்வாகிகள் வந்து போனார்கள், எத்தனை பேக்கப்கள் எங்கெங்கு சென்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஹாஷ் இன்றும் செல்லும்.

மாற்றும்போது இரண்டு முறை மாற்ற வேண்டும். இந்தக் கணக்கு நடப்புச் சாவியுடன் முந்தைய சாவியையும் வைத்திருப்பதால், ஒரு முறை மாற்றினால் பழைய சாவியில் எழுதிய டிக்கெட் தொடர்ந்து ஏற்கப்படும். நீங்கள் என்ன கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாலும் அமைப்பு அதைப் புறந்தள்ளிவிட்டுத் தானே ஒரு நீண்ட கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் மாற்றம் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதை உறுதிசெய்துவிட்டு, டிக்கெட்டின் அதிகபட்ச ஆயுளான 10 மணி நேரமாவது காத்திருந்து, அதன்பின் இரண்டாவது மாற்றத்தைச் செய்யுங்கள். ஃபாரஸ்ட் எனப்படும் டொமைன்களின் தொகுப்பில் பல டொமைன்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். குழந்தை டொமைனின் சாவியைக் கொண்டு எழுதிய டிக்கெட்டில் பழைய அடையாள எண்களுக்கான எஸ்ஐடி ஹிஸ்டரி வழியாக, ஃபாரஸ்டின் உச்ச நிர்வாகிகளான எண்டர்பிரைஸ் அட்மின்ஸ் குழுவைச் சேர்த்து முழு ஃபாரஸ்டையும் பிடிக்க முடியும் என்பதால், சிறிய டொமைன்தானே என்று விட்டுவிடக் கூடாது. படிக்க மட்டும் அனுமதிக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் தனித்தனிக் கேஆர்பிடிஜிடி கணக்குகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஆபத்து நேரும்வரை காத்திராமல், ஆண்டுக்கு இரண்டு முறை பழக்கமாகவே இதைச் செய்யுங்கள்.

தாமிரபரணி

பழைய_நிர்வாகி அவர்களே, அமைதியான நாளில் செய்யும் மாற்றத்துக்கு நீங்கள் சொன்னது சரி. எதிரி உள்ளே இருக்கும்போது 10 மணி நேரம் காத்திருப்பது அவருக்கு 10 மணி நேரத்தைக் கொடுப்பதாகும்.

ஒரு மருத்துவமனையின் வலையமைப்பில் இந்த முடிவை எடுக்க வேண்டிய இரவில் நான் அந்த அறையில் இருந்தேன். காத்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டுக்கொண்டிருந்தபோதே, டொமைன் கன்ட்ரோலர் அல்லாத ஒரு கணினியிலிருந்து டைரக்டரியை நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் கோரிக்கை வந்ததை 4662 நிகழ்வும் அதற்குரிய உள்நுழைவுப் பதிவும் காட்டின. டொமைன் கன்ட்ரோலராக நடித்துத் தகவலைக் கேட்டு வாங்கும் டிசிசிங்க் முறை அது. சாவியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் திரையில் கண்டதும் விவாதம் நின்றது. அந்தக் கணினியைத் துண்டித்து, ரெப்ளிகேஷன் உரிமை பெற்றிருந்த கணக்குகளை முடக்கிவிட்டு, பிறகே இரண்டு மாற்றங்களையும் அடுத்தடுத்துச் செய்தோம். பல சேவைகள் நின்றன. ஆய்வகத்தின் முடிவுகள் விடியும்வரை தாளில் எழுதி எடுத்துச் செல்லப்பட்டன. நோயாளிகள் இருக்கும் இடத்தில் அது எளிய முடிவன்று. ஆனாலும் எதிரியை வெளியேற்றாமல் சாவியை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

இரவுப்பணி

நான் கேட்டது பிறர் கண்டார்களா என்பதை மட்டுமே. என்றாலும் விளக்கங்களுக்கு நன்றி. என் குழு எல்லா டொமைன் கன்ட்ரோலர்களிலிருந்தும் பதிவுகளைப் பெற்றுக்கொண்டிருந்தது என்பதையும், இல்லாத கணக்கின் பெயர் எந்தப் பதிவு இழப்பாலும் தோன்றாது என்பதையும் பழைய_நிர்வாகிக்குச் சொல்ல விரும்புகிறேன். இன்று அந்த வடிவில் அது நடக்காது. 2021 நவம்பரில் வந்த பேட்ச், டிக்கெட்டைக் கேட்டவரின் எஸ்ஐடியை அதனுள்ளேயே பதிவுசெய்து சரிபார்க்கத் தொடங்கியது. 2022 அக்டோபரில் அது கட்டாயமானது. ஆகவே இப்போது போலி டிக்கெட் எழுதுபவர்கள் உண்மையான ஒருவரின் பெயரையே பயன்படுத்துகிறார்கள். நாங்கள் கண்ட வெறுமையான தேடல் முடிவு இப்போது பணியில் சேர்பவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதே என் கவலை.

சாவி எப்படி வெளியேறியது என்று கேட்டிருந்தால் முதலிலேயே எழுதியிருப்பேன். டொமைன் கன்ட்ரோலர் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதன் வட்டு நகல் பொதுவான பேக்கப் சேமிப்பில் குறியாக்கம் இல்லாமல் கிடந்தது. அந்த வட்டில் உள்ள டைரக்டரியின் கோப்பிலிருந்து ஹாஷை எடுப்பதற்கு டொமைன் கன்ட்ரோலரை நெருங்க வேண்டிய தேவையே இல்லை.

மேகக்கணி

என்னுடையது கெர்பரோஸ் அன்று, ஆனால் அதன் உடன்பிறப்பு. கிளவுட் சேவைகளுக்கான உள்நுழைவு டோக்கனைப் போலியாக எழுதும் முறை; கோல்டன் சாம்ல் என்று 2017இல் சைபர்ஆர்க் ஆய்வாளர்கள் பெயரிட்டது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவல் 2020 டிசம்பரில் வெளிப்பட்டபோது உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ அதே மாதம் 17ஆம் தேதி இதையும் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதைப் படித்த பிறகுதான் கிளவுட் உள்நுழைவுக்கான டோக்கன்களை வழங்கும் எங்கள் ஏடிஎஃப்எஸ் சர்வரின் பதிவுகளையும் கிளவுட் உள்நுழைவுப் பதிவுகளையும் ஒப்பிடும் வேலையைத் தொடங்கினோம்.

நிதித் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்ததாக கிளவுட் பதிவு காட்டியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு முடிந்தது என்ற குறிப்பும் உடன் இருந்தது. டோக்கன் வழங்கப்பட்டதற்கான 1200 நிகழ்வு எங்கள் ஏடிஎஃப்எஸ்ஸில் இல்லை. அவரையே தொலைபேசியில் அழைத்தேன். அந்த நேரத்தில் தான் விமானத்தில் இருந்ததாகவும், கைபேசியில் எந்த ஒப்புதல் கோரிக்கையும் வரவில்லை என்றும் சொன்னார். வந்திருக்காது. கையொப்பமிடும் சான்றிதழ் பிறர் கையில் இருக்கும்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பு முடிந்ததா என்பதும் அவர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு வரிதான். பதிவாளரின் முத்திரையைத் திருடியவர் எவர் நிலத்தையும் எவர் பெயருக்கும் எழுதிக்கொள்ளலாம் என்பதைப் போன்றது. அதுவரை எங்கள் நிர்வாகம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருப்பதால் அஞ்சல் பாதுகாப்பாக இருக்கிறது என்று இயக்குநர் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

மேலே நடந்த விவாதத்தில் எனக்குத் தாமிரபரணியின் பக்கமே சரியென்று படுகிறது. எங்களுக்கும் அதே கேள்வி வந்தது. ஏடிஎஃப்எஸ்ஸிலும் கையொப்பச் சான்றிதழை அடுத்தடுத்து இரண்டு முறை மாற்ற வேண்டும், ஏனெனில் பழைய சான்றிதழும் சிறிது காலம் ஏற்கப்படும். ஆனால் அதற்கு முன் அந்தச் சாவி எங்கிருந்து போனது என்பதை அடைக்க வேண்டும். ஏடிஎஃப்எஸ் சேவைக் கணக்கும், சான்றிதழைக் குறியாக்கம் செய்யும் பொருள் வைக்கப்பட்டிருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் சேர்ந்தே பாதுகாக்கப்பட்டாலொழிய புதிய சாவியும் அதே வழியில் போய்விடும். ஏடிஎஃப்எஸ் சர்வரை டொமைன் கன்ட்ரோலருக்கு இணையான காவலில் வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எங்கள் நிறுவனத்தில் அது மற்ற வலைச் சர்வர்களுடன் ஒரே குழுவில், அதே நிர்வாகக் கடவுச்சொல்லுடன் இருந்தது.

கிளவுட் வழங்குபவரிடமே அனைத்தையும் ஒப்படைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் சொல்கிறார்கள். 2023இல் ஸ்டார்ம்-0558 என்ற ஊடுருவல் குழுவினர் மைக்ரோசாஃப்டின் நுகர்வோர் கையொப்பச் சாவி ஒன்றைப் பெற்று, அதைக் கொண்டு டோக்கன்களை எழுதி, ஏறத்தாழ 25 நிறுவனங்களின் அஞ்சலுக்குள் சென்றார்கள். 2016இல் உருவாக்கப்பட்ட சாவி அது. அதை முதலில் கவனித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. கூடுதல் கட்டணம் செலுத்திப் பெற்ற விரிவான அஞ்சல் அணுகல் பதிவுகள் அவர்களிடம் இருந்தன. அந்தப் பதிவுகள் இல்லாத இடங்களில் இருந்தவர்களால் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

எங்கள் இடத்தில் சான்றிதழ் மாற்றத்துக்குப் பிறகு, புதிய சான்றிதழைக் கையால் ஏற்ற வேண்டிய கூட்டாளி நிறுவனங்களின் செயலிகள் ஒரு வாரம்வரை ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டன. அந்த அதிகாரியின் அஞ்சலிலிருந்து எவை வாசிக்கப்பட்டன என்பதைச் சொல்லும் பதிவுகளை எங்கள் உரிமத்தின் கீழ் நாங்கள் பெற்றிருக்கவில்லை. ஆகவே அனைத்தும் வாசிக்கப்பட்டன என்றே கருதி, அவருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிவித்தோம்.