டிஎஸ்எச் சீராகியும் சோர்வு நீங்கவில்லை: மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி: தைராய்டு சுரப்புக் குறைவுக்காக என் தாயார் தினமும் லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்கிறார். அண்மைப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 3.1 என்று சீராக வந்தும், சோர்வும் முடி உதிர்தலும் மலச்சிக்கலும் குறையவில்லை. 100 மைக்ரோகிராமாக உயர்த்தச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாமா?

மறுமொழி 1: கேட்பதில் தவறில்லை, ஆனால் நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால், வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போகவும் எலும்பு தேயவும் வாய்ப்புண்டு. மாத்திரையை எப்போது, எதனுடன் எடுத்துக்கொள்கிறார்?

கேள்வி கேட்டவர்: காலையில் காபியுடன் விழுங்குகிறார். சிற்றுண்டி முடிந்ததும் கால்சியம் மாத்திரை.

மறுமொழி 2: முதலில் திருத்த வேண்டியது அதுதான், காபியும் கால்சியமும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. இந்த மருந்தின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 7 நாள் என்பதால், மாற்றத்தின் முழு விளைவு தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதன்பின் டிஎஸ்எச் பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள், உறிஞ்சப்படுவது கூடினால் இதே 75 மைக்ரோகிராமே அதிகமாகிவிடவும் கூடும்.

மறுமொழி 1: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். அதைத் தைராய்டு மாத்திரை தீர்க்காது.