உலகம் முடிந்த பின் நடக்கும் அனிமேகள்: உங்களை உட்கார வைத்த காட்சி எது?

அழிவுக்குப் பிந்தைய உலகைக் களமாகக் கொண்ட அனிமேகளில் (ஜப்பானிய அசைவூட்டப் படங்களில்) உங்களை அப்படியே உட்கார வைத்த காட்சி எது என்பதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். தரவரிசை வேண்டாம், பரிந்துரைப் பட்டியலும் வேண்டாம். ஒரு காட்சி, அதைப் பார்த்தபோது நீங்கள் இருந்த சூழல், இவ்வளவு போதும். நானே தொடங்கிவைக்கிறேன்.

2017 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'கேர்ள்ஸ் லாஸ்ட் டூர்' வெறும் 12 பகுதிகள் கொண்ட சிறிய தொடர். மனிதர்கள் ஏறக்குறைய அற்றுப்போன, அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் நகரம் ஒன்றில், சிட்டோ, யூரி என்னும் இரண்டு சிறுமிகள் உணவும் எரிபொருளும் தேடிக்கொண்டே மேல் அடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர்கள் ஓட்டும் வண்டியின் பெயர் கெட்டென்கிராட். முன்பாதி மோட்டார் சைக்கிளாகவும் பின்பாதி டாங்கியாகவும் இருக்கும் விசித்திர வாகனம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை உண்மையாகவே அதைப் பயன்படுத்தியது என்பதைத் தொடரைப் பார்த்து முடித்த பிறகுதான் அறிந்தேன். போர் எதற்காக நடந்தது, யார் வென்றார்கள் என்பதையெல்லாம் தொடர் விளக்க முற்படுவதில்லை. அந்தச் சிறுமிகளுக்கும் அது சரியாகத் தெரியாது.

ஐப்பசி அடைமழையில், பாட்டியின் ஓட்டு வீட்டில் இருந்தபோது அதைப் பார்த்தேன். ஐந்தாம் பகுதியில் இருவரும் மழைக்கு ஒதுங்குகிறார்கள். மேலிருந்து சொட்டும் துளி ஒன்று தலைக்கவசத்தில் பட்டு 'டிங்' என்று ஒலிக்கிறது. அந்த ஓசை பிடித்துப்போக, கையில் கிடைத்த காலி டப்பாக்களை ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒலிக்க, சிறுகச் சிறுக அது தாளமாகி, அந்தப் பகுதியின் முடிவுப் பாடலாகவே மாறிவிடுகிறது. அதே நேரத்தில் எங்கள் தாழ்வாரத்தில் ஒரு குண்டானும் ஓர் அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் வாளி ஒன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. வாளியை மாற்ற வந்த அம்மா கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க வீடும் ஒழுகுதா?" என்று கேட்டார்.

அதுவரை, இத்தகைய கதைகளை மக்கள் விரும்பிப் பார்ப்பது கட்டடங்கள் சரிவதைக் காணும் கிளர்ச்சிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இதே தொடரின் இரண்டாம் பகுதியில், சிட்டோ பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் புத்தகங்களில் ஒன்றை யூரி விளையாட்டாக நெருப்பில் போட்டுவிடுகிறாள். சிட்டோ அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். பிறகு சிட்டோவின் நாட்குறிப்பில், எழுத்துப் பிழையோடு, யூரி ஒரு மன்னிப்பை எழுதிவைக்கிறாள். ஊர் ஊராக எரிந்து முடிந்துவிட்ட உலகத்தில், ஒரே ஒரு புத்தகம் எரிந்ததற்காக இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தபோதுதான் அந்த அழிவின் அளவே எனக்கு உறைத்தது. நகரம் விழுவதைக் காட்டியிருந்தால் உறைத்திருக்காது.

* * *

மேலே எழுதிய நண்பரிடம் ஒரு மாறுபாடு உண்டு. அழிவைப் பார்க்கும் கிளர்ச்சியை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நான் இந்தப் பக்கம் வந்ததே அதற்காகத்தான்.

கல்லூரி விடுதியில், இரவு ஒரு மணிக்கு, அறை நண்பனின் கணினியில் 'அகிரா' படம் பார்த்தேன். அதில் 1988 ஜூலை 16 அன்று டோக்கியோவின் நடுவே ஒரு வெள்ளை ஒளிக்கோளம் எழுந்து நகரத்தை விழுங்குகிறது. படம் ஜப்பானில் வெளியான நாளும் அதுவே என்பதால், முதல் காட்சிக்குப் போனவர்கள் தங்கள் நகரம் அன்றைய தேதியிலேயே அழிவதைப் பார்த்திருக்கிறார்கள். இயக்குநர் கட்சுஹிரோ ஒட்டோமோவின் குழு 1,60,000-க்கும் மேற்பட்ட செல்களை (ஒளிபுகும் ஓவியத் தாள்களை) வரைந்தது இதற்காகத்தான்: கண்ணாடி நொறுங்கினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக விழுகிறது. அதில் ஓர் அழகு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

படத்தில், அந்த அழிவுக்குப் பின் எழுந்த நியோ-டோக்கியோ நகரம் 2020 ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். இன்னும் 147 நாட்கள் என்று ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். அதன் கீழே யாரோ 'ரத்து செய்' என்று கிறுக்கியிருப்பார்கள். 2020 பிப்ரவரி இறுதியில் உண்மையான டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் சரியாக 147 நாட்கள் எஞ்சியிருந்தபோது அந்தப் படத்துண்டு உலகெங்கும் சுற்றியது. அடுத்த மாதமே போட்டி தள்ளிவைக்கப்பட்டது. பலர் அதைத் தீர்க்கதரிசனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போரில் எரிந்து, 1964 ஒலிம்பிக்குக்காக அவசர அவசரமாகக் கட்டி எழுப்பப்பட்ட தன் சிறுவயதுக் காலத்து டோக்கியோவைத்தான் ஒட்டோமோ எதிர்காலத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

* * *

சிறு குறிப்பு மட்டும். 1995-இல் வந்த 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரில், 2000-ஆம் ஆண்டுப் பேரழிவில் பூமியின் அச்சு சாய்ந்து, ஜப்பானில் ஆண்டு முழுவதும் கோடையாகவே இருக்கும். காட்சிக்குக் காட்சி சில்வண்டு கத்திக்கொண்டே இருப்பது அதனால்தான். அது ஓர் அழிவின் அடையாளம் என்பது வேலூர்க்காரனான எனக்குப் பாதித் தொடர் முடியும் வரை புரியவே இல்லை. வெயில் அடிக்கிறது, வண்டு கத்துகிறது, இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் யோக்கோஹாமாவில் இருந்தேன். அங்கிருந்தபோது பார்த்ததால் எனக்கு நெருக்கமானது 'யோக்கோஹாமா கைதாஷி கிக்கோ'. ஹிதோஷி அஷினானோவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) 1994 முதல் 2006 வரை வெளிவந்தது. 1998-இலும் 2002-இலும் அதிலிருந்து குறும்படங்களாக அனிமே எடுத்தார்கள். கடல் மட்டம் உயர்ந்து கரையோர ஊர்கள் மூழ்கிவிட்ட காலத்தில், மியூரா தீபகற்பத்தின் முனையில் ஆல்பா என்னும் ரோபோப் பெண் ஒரு சிறிய காப்பிக்கடையை நடத்துகிறாள். உரிமையாளர் எங்கோ பயணம் போய்விட்டார். வாடிக்கையாளர் வருவது அபூர்வம். அவள் காப்பிக்கொட்டை வாங்க ஸ்கூட்டரில் யோக்கோஹாமாவுக்குப் போய்வருவதையே தலைப்பு குறிக்கிறது.

இதை மனத்துக்கு இதமான கதை என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மனித இனம் மெல்ல மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது, அதைத் தடுக்க யாரும் முயலவும் இல்லை என்ற செய்தி அந்த இதத்துக்கு அடியிலேயே கிடப்பதை அவர்கள் கவனிப்பதில்லையோ என்று எனக்குத் தோன்றும். மூழ்கிய ஊரின் தெருவிளக்குகள் அந்தி நேரத்தில் தண்ணீருக்கு அடியில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் ஒரு காட்சி மங்காவில் உண்டு. யாரும் பதறுவதில்லை, கரையில் நின்று பார்க்கிறார்கள்.

அந்தப் பதறாமை எங்கிருந்து வருகிறது என்பது அங்கே குடியிருந்தபோது ஓரளவு பிடிபட்டது. கடலை ஒட்டிய தெருக்களில், மின்கம்பத்தில், இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று ஒரு தகடு இருக்கும். காய்கறி வாங்கப் போகும் வழியில் தினமும் அதைக் கடந்தேன்; முதல் மாதம் ஒவ்வொரு முறையும் படித்தேன், பிறகு படிப்பதை நிறுத்திவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் அவசரப் பை ஒன்று தயாராக இருக்கும்; அதிலுள்ள தண்ணீர்ப் புட்டியின் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுவது ஒரு வீட்டுவேலை, அவ்வளவே. பல ஊர்களில் மாலையானால் பேரிடர் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்பது அதன் பொருள். கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் அதனோடு முடிந்துவிடுகிறது.

2012-இல் வந்த 'ஷின்செகாய் யோரி' தொடரைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய, காமிசு 66 என்னும் அமைதியான ஊரில், இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் சிம்பொனியிலிருந்து எடுத்த அதே வீடு திரும்பும் மெட்டு அந்தியில் ஒலிக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள். அந்த அமைதியை எப்படிக் காக்கிறார்கள் என்பது போகப்போகத் தெரியும்போது வயிற்றைப் பிசையும். எங்கள் பகுதியிலும் மாலையில் ஒரு மெட்டு ஒலிக்கும். அந்தத் தொடரைப் பார்த்த வாரம் முழுவதும், அது ஒலிக்கும்போதெல்லாம் சன்னலை மூடிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவுசெய்கிறேன்.

* * *

நான் வேதியியல் ஆசிரியர். இந்த வகையில் எனக்குத் தெரிந்த ஒரே தொடர் 'டாக்டர் ஸ்டோன்' (2019). அதையும் மாணவர்கள் சொல்லித்தான் பார்த்தேன். உலகத்து மனிதர்கள் எல்லோரும் ஒரே நொடியில் கல்லாகிவிடுகிறார்கள். செங்கு என்ற மாணவன் கல்லுக்குள் இருந்தபடியே நொடிகளை எண்ணிக்கொண்டிருந்து, ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் கழித்து விடுபட்டு, இன்று 5738 ஏப்ரல் 1 என்று மரத்தில் செதுக்குகிறான். அறிவியல்படி முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும் கதைதான். ஆனால் அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவை.

கிளிஞ்சல்களைப் பொறுக்கிப் பொடியாக்கும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கால்சியம் கார்பனேட்டால் என்னென்ன ஆகும் என்று அவன் அடுக்குகிறான்: வயலுக்கு உரம், கட்டடத்துக்குச் சாந்து, சோப்பு. மருத்துவரே இல்லாத உலகத்தில் சோப்புதான் மருத்துவர் என்கிறான். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. மறுநாள் வகுப்பில், கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு பையன், "சுண்ணாம்பு சார், எங்க தாத்தா காளவாய்ல வேலை பார்த்தாரு" என்றான். அந்தச் சுண்ணாம்பைச் சாம்பல் நீரோடு சேர்த்தால் காரம் வலுவாகும், அதில் கொழுப்பைக் காய்ச்சினால் சோப்பு வரும் என்பதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செய்து பார்க்கலாம் என்று அடம்பிடித்தார்கள். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு நான்தான் காய்ச்சினேன். விறகுச் சாம்பலில் பொட்டாசியமே மிகுதி என்பதால் கட்டியாகாமல் கூழாகவே நின்றுவிட்டது; நிறமும் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நன்றாக நுரைத்தது. அழிந்த உலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன ஈர்ப்பு என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை இதுதான்: அங்கே மதிப்பெண் இல்லை, ஆனால் படித்தது பயன்படுகிறது.

* * *

பாலாற்றங்கரைக்காரன் நான். தோல் பதனிடும் தொழில் சூழ்ந்த பகுதி. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன ஆயிற்று என்பதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. குடிக்கத் தண்ணீர்க் கேன், குளிக்க லாரித் தண்ணீர் என்றே வளர்ந்தேன்.

ஹயாவோ மியாசாகியின் 'நௌசிகா' (1984) படத்தைத் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் போட்டாள். 'ஏழு நாள் நெருப்பு' என்னும் போர் முடிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் நிலம் தேறவில்லை. நச்சுக்காடு பரவிக்கொண்டே இருக்கிறது. முகமூடி இல்லாமல் அதற்குள் ஐந்து நிமிடம் இருந்தால் நுரையீரல் அழுகிவிடும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைப் பாதரசம் கலந்ததும், மீன்பிடிப்பு நின்றுபோன அந்தக் கடலில் உயிரினங்கள் மீண்டும் பெருகியதும் மியாசாகியைத் தூண்டியவற்றுள் ஒன்று என்பார்கள். தொடக்கத்திலேயே நௌசிகா காட்டுக்குள், ஓமு என்னும் ராட்சதப் பூச்சி உரித்துப்போட்ட ஓட்டிலிருந்து கண்ணின் குவிமாடத்தை வெடிமருந்து வைத்துப் பெயர்த்தெடுத்து, அதைத் தன் மேல் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்து படுத்துக்கொள்வாள். விஷ வித்துகள் பனி போல அதன் மேல் விழும். கொல்லக்கூடிய ஒன்றை அழகு என்று அவள் சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. கோட்டையின் அடித்தளத்தில் நௌசிகா ஒரு ரகசிய அறை வைத்திருப்பாள். அதில் அதே நச்சுச் செடிகள் பூத்துக் குலுங்கும், ஆனால் விஷம் இல்லாமல். நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் கொடுத்தால் இவை விஷத்தைக் கக்குவதில்லை, கெட்டுப்போனது மண்தான் என்று அழுதுகொண்டே சொல்வாள். அதுவரை செய்தித்தாளில் கண் பதித்திருந்த அப்பா, அதை மடித்துவைத்துவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார். காற்றாலை வைத்து 500 மேர்தே ஆழத்திலிருந்து இறைக்கிறார்கள் என்று தங்கை வசன வரியைப் படித்துச் சொன்னாள்.

"மேர்தேன்னா எத்தனை அடி?"

அது அந்தக் கதைக்காகக் கற்பித்த அளவு, அடிக்கணக்கு தெரியாது என்றேன். அப்பா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம தோட்டத்துல எழுநூறு அடி போட்டோம், அப்படித் தெளிவா வரலையே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனார்.