போலிலாங் போட்ட பிறகு பழைய பதிவுகளைக் காணேல்ல, தமிழ் இணைப்பு முகவரியும் பாதியில வெட்டுப்படுது. உதவி வேணும்

கேள்வி

வணக்கம். எங்கட ஊர் வாசிகசாலைக்கு வேர்ட்பிரஸில (இணையத்தளம் செய்யிற மென்பொருள்) ஒரு தளம் இருக்குது. இவ்வளவு நாளும் தமிழ் மட்டும்தான். பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளைகளும் இப்ப புத்தகம் எடுக்க வருகினம். திறக்கிற நேரமாவது தங்கட மொழியில இருந்தா நல்லம் எண்டு அவையின்ர தாய் தகப்பன் கேட்டவை. வெளிநாட்டில இருந்து பாக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வேணும். அதால போன கிழமை, தளத்தைப் பல மொழியில காட்டுற போலிலாங் எண்ட பிளகினின்ர (சேர்ப்பு நிரல்) இலவசப் பதிப்பைப் போட்டு மூண்டு மொழியையும் சேர்த்தன்.

அண்டையில இருந்து முகப்பில பழைய பதிவு ஒண்டும் இல்லை. நிர்வாகப் பக்கத்தில எல்லாம் அப்படியே இருக்குது. சிங்களப் பக்கத்துக்குப் போனா மேல மெனு வருதில்லை, சில பக்கம் 404 (பக்கம் இல்லை எண்ட பிழை) காட்டுது.

இன்னொண்டு, இது போலிலாங்குக்கு முதலே இருந்த வருத்தம். "வாசிகசாலையின் ஆண்டுப்பொதுக்கூட்ட அறிவித்தல்" எண்டு தலைப்பு வைச்சா இணைப்பு "வாசிகசாலையின்-ஆண்டுப்பொ" எண்டு நிக்குது. கூட்டத் தீர்மானங்களை அதே மாதிரித் தொடங்குற தலைப்போட தனிப் பதிவாப் போட்டன், அது "வாசிகசாலையின்-ஆண்டுப்ப-2" எண்டு வந்தது. எது எந்தக் கூட்டம் எண்டு எங்களுக்கே விளங்கேல்ல.

பிளகினை நிப்பாட்டித் திரும்பவும் போட்டுப் பாத்திட்டன். சனிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா நிறுவுவம் எண்டு யோசிக்கிறன். வேற வழி இருக்குதோ?

பதில் 1

தம்பி, தயவுசெய்து எதையும் அழிக்காதீங்கோ. பதிவுகள் தொலையேல்ல. போலிலாங் வர முதல் எழுதின பதிவுகளுக்கு மொழி எண்ட அடையாளமே கிடையாது. முகப்பு இப்ப "தமிழ்ப் பதிவுகளை மட்டும் எடு" எண்டு கேக்குது, மொழி குறிக்காத பதிவு அதில அகப்படாது.

மொழிகள் பக்கத்தைத் திறந்தா, மொழி இல்லாத பதிவுகள் இருக்குது, எல்லாத்தையும் இயல்பு மொழிக்கு (தளத்தின்ர முதன்மை மொழி) மாத்தவோ எண்டு ஒரு அறிவிப்பு நிக்கும். உடன அழுத்தாதீங்கோ! முதல்ல சேர்க்கிற மொழிதான் இயல்பு மொழியா அமையும். நீங்கள் ஆங்கிலத்தை முதல்ல சேர்த்திருந்தா தமிழ்ப் பதிவு முழுக்க ஆங்கிலம் எண்டு பதிஞ்சிடும். மொழிப் பட்டியலில நட்சத்திரம் தமிழுக்கு நேர இருக்கோ எண்டு பாத்திட்டு அழுத்துங்கோ.

மெனு மொழிக்கு ஒண்டாத் தனித்தனிய செய்ய வேணும். பழைய வகை தீம் (தளத்தின்ர தோற்ற அமைப்பு) எண்டா மெனு இடங்கள் மூண்டு மொழிக்கும் பிரிஞ்சு தெரியும். 404க்கு, நிரந்தர இணைப்பு அமைப்பைத் திறந்து ஒண்டையும் மாத்தாமச் சேமியுங்கோ. அநேகமாச் சரிவரும்.

கேள்வி கேட்டவர்

அக்கா, நட்சத்திரம் ஆங்கிலத்திலதான் நிண்டது! மாத்திப்போட்டு அழுத்தினன், பதிவு எல்லாம் வந்திட்டுது. 404உம் போயிட்டுது. மெனு இரவைக்குச் செய்யிறன். இணைப்பு வெட்டுப்படுறது மட்டும்தான் மிச்சம்.

பதில் 2

நான் மதுரையிலிருந்து எழுதுகிறேன். இந்த வெட்டு என்னையும் பல நாள் அலைக்கழித்தது, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் இணைப்புப் பெயருக்கு 200 எழுத்து இடம்தான் ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியும் யூனிகோடின் UTF-8 முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக எழுதப்படுகிறது. ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கால் கொம்புகளும் தனிக் குறிகள்தான், "கூ" என்றாலே 18 போய்விடும். சிங்களத்துக்கும் இதே கணக்கு.

உங்கள் தலைப்பையே எண்ணிப் பாருங்கள். "வாசிகசாலையின்" 13 குறி, 117 இடம். நடுக்கோடு 1. "ஆண்டுப்பொ" 9 குறி, 81 இடம். மொத்தம் 199. அடுத்த "து"வில் தகரத்துக்கே இடமில்லை. இரண்டாவது பதிவில் "-2" சேர்க்க இடம் வேண்டியிருந்ததால் ஒகரக் கொம்பும் போய்விட்டது.

தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். இணைப்புப் பெயரை மட்டும் கையால் சுருக்கி எழுதுங்கள். "கூட்டம்-2024", "தீர்மானம்-2024" போதும்.

பதில் 3

தரவுத்தளத்தில் அந்த 200ஐ 500 ஆக்கினால் முடிந்ததே? இல்லாவிட்டால் எல்லா இணைப்பையும் ஆங்கில எழுத்தில் வைத்துவிடலாம்.

பதில் 2

தரவுத்தளத்தை நீட்டிப் பயனில்லை. தலைப்பிலிருந்து இணைப்பை உருவாக்கும் நிரலிலேயே 200 என்று எழுதியிருக்கிறது, அது அங்கேயே வெட்டிவிடும்.

ஆங்கில எழுத்து யோசனையை நான் ஏற்கவில்லை. தமிழ்ப் பக்கத்தின் முகவரி தமிழில் இருப்பதுதான் அழகு, உலாவிகளும் அதை ஒழுங்காகவே காட்டுகின்றன. நகலெடுத்து அனுப்பும்போது சதவீதக் குறியாக நீள்வது உண்மைதான், பெயரைச் சுருக்கினால் அதுவும் குறையும். தவிர, போலிலாங் இலவசப் பதிப்பில் இரண்டு மொழிப் பக்கங்கள் ஒரே பெயரை வைத்துக்கொள்ள முடியாது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் கொடுத்தால் மறுபடி "-2", "-3" என்றுதான் வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, இப்பதான் விளங்குது. ஆனா பழைய இணைப்புகளை வட்ஸ்அப் குழுக்களில போட்டிட்டம். பெயரை மாத்தினா அதெல்லாம் செத்துப்போகாதோ?

பதில் 1

பதிவு எண்டாப் பயமில்லை. வெளியிட்ட பதிவின்ர பெயரை மாத்தினா வேர்ட்பிரஸ் பழைய பெயரை ஞாபகம் வைச்சு, வாறவையைப் புது இடத்துக்குத் திருப்பிவிடும். "பக்கம்" வகைக்கு அந்த ஏற்பாடு இல்லை. திறக்கிற நேரம் போட்ட பக்கத்தைத்தான் கனபேர் சேமிச்சு வைச்சிருப்பினம். அதின்ர தமிழ் இணைப்பைத் தொடாம விட்டிட்டு, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் புதுப் பெயர் வையுங்கோ.

கேள்வி கேட்டவர்

அப்பிடியே செய்திட்டன். மூண்டு மெனுவும் வந்திட்டுது. சிங்கள நேர அட்டவணையை அந்தப் பிள்ளையளின்ர தாய் ஒராள் வாசிச்சு ரெண்டு பிழை திருத்தித் தந்தவ.