இசை ஒருவரை என்ன செய்யும்? கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

பிசியோ

பிடித்த பாட்டுகளின் பட்டியல் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே பத்துத் திரி ஓடுகிறது. இசை ஒரு மனிதரை உங்கள் கண்முன்னே என்ன செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள். அழ வைத்ததா, எழுப்பி நடக்க வைத்ததா, எரிச்சல் மூட்டியதா, எதுவானாலும் சரி.

நானே தொடங்கி வைக்கிறேன். என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்த பெரியவர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். கூடத்தில் சுமாராக நடப்பார். கதவு நிலை வந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். குதிகால் நடுங்கும், காலணிக்குள் விரல்கள் தரையைக் கவ்வுவது மேலிருந்தே தெரியும், ஆனால் பாதம் எழாது. "நடங்கப்பா, நடங்க" என்று மகன் சொல்லச் சொல்ல இன்னும் இறுகும். இளமையில் பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நான் தொடையில் தட்டி ஒரு அணிவகுப்பு மெட்டை வாயால் வாசித்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அவர் கை தன் தொடையைத் தட்டத் தொடங்கியது. அப்புறம் குதிகால் எழுந்தது. நிலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அசைவுக்கு உள்ளிருந்து தாளம் கொடுக்கும் மூளைப் பகுதி இந்த நோயில் தளர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் தாளம் வேறு வழியாகப் போய்க் காலை எழுப்பும். மைக்கேல் தாட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1996லேயே இதை நடைப்பயிற்சியாக்கி வெளியிட்டார்கள். தாளம் எண்ணித் தட்டும் கருவியான மெட்ரோனோமின் டிக் டிக்குக்கும் கால் நகரத்தான் செய்யும். ஆனால் மெட்ரோனோமைக் கேட்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூத்தமகள்

பக்கவாதத்துக்குப் பிறகு என் அம்மாவிடம் மிஞ்சியது ஒரே சொல், "இல்ல". பசிக்கிறதா என்றால் இல்ல. வலிக்கிறதா என்றால் இல்ல. ஆமாம் என்று சொல்ல நினைத்தாலும் வாயில் வருவது அதேதான். அது புரிந்து அவரே அழுவார்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவருடைய பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன். இரண்டாவது அடி எனக்கு மறந்துபோய் வாய்க்கு வந்ததைப் போட்டு இழுத்தேன். கட்டிலிலிருந்து திருத்தம் வந்தது. சுருதி கொஞ்சம் கீழே, ஆனால் சொற்கள் அத்தனையும் சரி, முழு அடி. மடித்த துணியோடு அப்படியே நின்றேன். தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்து நின்றதும் அம்மா வாயை மூடிக்கொண்டார், அது வேறு கதை.

பேச்சுப் பயிற்சியாளர் எங்களை முதலில் தரைக்கு இறக்கினார். மனப்பாடமாகக் கிடக்கும் பாட்டு வெளியே வருவது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு, பாடியதால் பேச்சு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பிறகு அந்தப் பாட்டு வழியையே பிடித்துப் போகும் முறை ஒன்றைக் காட்டினார். பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் 1973ல் அறிமுகப்படுத்தியதாம். சின்னச் சின்ன வாக்கியங்களை மேல் சுருதி, கீழ் சுருதி என்று இரண்டே சுருதியில் இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்ட வேண்டும். இடது கையை ஆட்டுவது வலது மூளை, பேச்சு அடிபட்டது இடது மூளையில். அடிபடாத வலது பக்கத்தை எழுப்பப் பார்க்கிறார்கள். 2011ல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸும் இசை சிகிச்சையின் துணையோடுதான் பேச்சை மீட்டார் என்று பிறகு படித்தேன்.

அம்மா இப்போது "தண்ணி வேணும்" என்று கேட்கிறார், இரண்டு சுருதியில், மெத்தையைத் தட்டி. வீட்டில் எல்லோருக்கும் அது தொற்றிவிட்டது. தம்பி மகளும் ராகத்தில்தான் தண்ணீர் கேட்கிறாள்.

அரைத்தூக்கம்

என் அனுபவம் ஒரு வரி. உயிராக நினைத்த புல்லாங்குழல் இசையை அலாரமாக வைத்தேன். இப்போது யார் அதை எங்கே வாசித்தாலும் வயிறு கலங்குகிறது, கை தானாகப் போனைத் தேடுகிறது.

கல்காது

நான் எதிர்க்கட்சி. எனக்கு ஒன்றும் ஆகாது. காது நன்றாகக் கேட்கும், சுருதி பிசகினால் தெரியும், இது சோகப் பாட்டு இது உற்சாகப் பாட்டு என்று பிரித்துச் சொல்வேன். ஆனால் உள்ளே எதுவும் அசையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "இதைக் கேட்டுப் பார், அப்புறம் பேசு" என்று ஹெட்போனை மாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். சிலர் கண்ணை மூடித் தலையை ஆட்டி வழிகாட்டுவார்கள். முடியும்போது நானும் "நல்லாருக்கு" என்று சொல்லித் தப்பிப்பேன்.

கல்நெஞ்சன் என்ற பெயர் வாங்கிக்கொண்டிருந்த என்னை 2014ல் வந்த பார்சிலோனா ஆய்வு ஒன்று காப்பாற்றியது. என்னைப் போன்றவர்களை உட்கார வைத்து இசை கேட்கச் செய்து, இதயத்துடிப்பையும் தோலின் மின்கடத்தலையும் அளந்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. பணம் ஜெயிக்கும் விளையாட்டைக் கொடுத்ததும் எல்லோரையும் போலவே துள்ளியிருக்கிறார்கள். ஆக, மகிழ்ச்சி உண்டாகும் இடம் பழுதில்லை. காதிலிருந்து அங்கே போகும் இணைப்புதான் பலவீனம் என்று 2016ல் மூளைப்படம் எடுத்தும் காட்டினார்கள்.

எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. பாட்டு உருக்கும், கரைக்கும், ஆளையே மாற்றும் என்று "எல்லாருக்கும்" சேர்த்து எழுதுகிறீர்களே, அங்கே மட்டும் ஒரு ஆளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வரிசை வயலின்

கல்காது, உங்களைக் கழித்தாயிற்று. வாசிக்கும் எங்களையும் பாதி கழித்துக்கொள்ளலாம்.

ஒரு நினைவஞ்சலிக் கூட்டத்தில் வாசித்தோம். மெதுவான இசை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தார். மெட்டு மேலே ஏறிக் கடைசி சுரத்தில் வந்து நிற்பதற்கு முன்னால் அடுத்த வீட்டுச் சுரத்தில் ஒரு கணம் தயங்கி நிற்கும், உறுத்தும், அப்புறம்தான் இறங்கும். அந்தத் தயக்கத்தில் அவர் தோள் ஆடத் தொடங்கியது. இறங்கியதும் முகத்தை மூடிக்கொண்டார். மெட்டு திரும்பி வந்தபோது அதே இடத்தில் மறுபடியும் அழுதார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒன்று, இரண்டு, மூன்று, வில்லைத் திருப்பு. நான் அழுதால் வில் நடுங்கும், வில் நடுங்கினால் அந்தச் சுரம் போச்சு. அவர் அழுவதற்காக நான் அழாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தயக்கம் தற்செயல் இல்லை. ஜான் ஸ்லோபோடா என்ற இங்கிலாந்து உளவியலாளர் 1991ல், எந்த இடத்தில் அழுகை வந்தது, எந்த இடத்தில் சிலிர்த்தது என்று கேட்பவர்களையே குறித்துத் தரச் சொன்னார். கண்ணீருக்குக் குறித்த இடங்களில் பெரும்பாலும் இந்த மாதிரி பக்கத்துச் சுரத்தில் நின்று இறங்கும் பிடிகள் இருந்தன. சிலிர்ப்பு வந்தது, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் எதிர்பாராமல் மாறும் இடங்களில். 2011ல் மெக்கில் பல்கலைக்கழகத்தார் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். சிலிர்ப்பு வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் ஒரு பகுதியில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் ஊறுகிறது, வந்து சேர்ந்ததும் இன்னொரு பகுதியில். காக்க வைப்பதுதான் எங்கள் தொழிலே.

பழைய ஏடு

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் சொல்லும் அந்தச் சுரத்தை வேறு ஏதோ கூட்டத்தில் கேட்டிருந்தால் அந்தம்மா அழுதிருப்பாரா? தத்துவவாதி ரூசோவைக் கேட்டால் இல்லை என்பார். வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குச் சண்டையிட்ட சுவிஸ் வீரர்கள் நடுவே, அவர்கள் நாட்டு மாடு மேய்ப்பவர்களின் மெட்டு ஒன்றை வாசிக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று இருந்ததாக 1768ல் எழுதினார். கேட்டால் அழுவார்களாம், படையை விட்டு ஓடுவார்களாம், ஏங்கிச் சாவார்களாம். அந்த வீரர்களின் ஊர் ஏக்கத்தை 1688லேயே ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாகவே விவரித்திருந்தார்.

எனக்குப் பிடித்தது ரூசோ அடுத்துச் சொல்வது. அந்த மெட்டைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒன்றும் அதில் இல்லை, அந்நியர்களை அது அசைப்பதும் இல்லை. அங்கே வேலை செய்வது இசை அல்ல, அது கிளப்பிவிடும் நினைவு. மூத்தமகள் அம்மாவுக்கு வந்தது பழைய பாட்டுதானே? பிசியோவின் பெரியவருக்கு வந்தது பழைய பேண்டு. அரைத்தூக்கத்தின் அலாரமும் அதே கணக்குதான், தலைகீழாக. நினைவை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரவுப்பணி

நான் சொல்கிறேன் ஐயா. குறைமாதக் குழந்தைகள் பிரிவில் செவிலியர் நான். உள்ளங்கை அளவுக் குழந்தைக்கு என்ன நினைவு இருக்கும்? ஊசி போட்ட பிறகு திரையில் துடிப்பு 180க்கு மேலே நிற்கும், விரல்கள் விறைத்து விரிந்திருக்கும். பக்கத்தில் குனிந்து தாழ்ந்த குரலில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடினால் எண் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், 170, 165, விரல் மடங்கும். எப்போதும் இல்லை, பல நேரம். 2013ல் ஜோஆன் லோவி குழுவினர் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் நேரடி இசையைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பு குறைந்தது. பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக்கிப் பாடியபோது பெற்றோரின் பதற்றமும் தணிந்தது.

பழைய ஏடு

விடமாட்டேன் சிஸ்டர். ஆறு மாதம் தாண்டினால் கருவுக்குச் சத்தம் கேட்கும். கர்ப்பமாக இருக்கும்போது அம்மா தினமும் பார்த்த தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்று பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர் 1988லேயே எழுதியிருக்கிறார். உங்கள் குழந்தைக்கும் நினைவு உண்டு.

இரவுப்பணி

சரி, அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். அம்மாக்களைப் பாடச் சொன்னால் பாடிவிடுவார்கள். அப்பாக்கள்தான் "எனக்குப் பாட வராது சிஸ்டர்" என்று நெளிவார்கள். அப்படி ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பாட்டும் நினைவுக்கு வராமல், பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுத்தார். நடுவில் ஒரு இடத்தில் கணக்கே தப்பு. துடிப்பு பன்னிரண்டு இறங்கியது.

பழைய ஏடு

அப்பாவின் குரல் வெளியிலிருந்து கேட்டுப் பழகியிருக்கும் என்று வாதாடலாம்தான். ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு என்கிறீர்கள். எனக்கெல்லாம் அதைக் கேட்டால் துடிப்பு ஏறத்தான் செய்யும்.